டேங்க் மூடியில் நான் போட்ட ஓட்டை

நடுவழியில் காரை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தாள் சுமதி. எட்டு மாதம் முடிந்த வயிறு. உச்சி வெயில். திருப்பாலைவனம் தாண்டி, இரண்டு பக்கமும் வயல்.

சுமதி என் மனைவி. அவள் பின்னாலேயே முதல் கியரில் காரை உருட்டிக்கொண்டு போனேன்.

"ஏறு சுமதி. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுல இன்னும் கொஞ்ச தூரம் வந்தேன்னா கொடலு வெளிய வந்துரும். நீ போய்யா."

"பொன்னேரி இன்னும் எவ்ளோ தூரம் தெரியுமா?"

"தெரியும். கால் இருக்குது."

எதிரே வந்த பஸ்ஸில் எங்கள் குப்பத்துப் பெண்கள் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் தலையை நீட்டி ஒருத்தி கத்தினாள்: "இன்னாக்கா, காரு வாங்கி அதுக்கு முன்னாடி நடந்து போற?"

இன்னொருத்தி: "அண்ணன் அக்காவுக்கு எஸ்காட்டு வருதுடி!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. சுமதியும் சிரித்திருப்பாள், வேறு நாளாக இருந்தால். அன்றைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள். காரணம், எங்கள் காரில் அடித்த பெட்ரோல் நாற்றம்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அடைத்துக்கொண்டதைப் பற்றி எழுதும்போது 'எங்கள் கார்' என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். ஒரு பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு, 'மீன் பிடிக்கிறவங்களுக்குக் கார் எதுக்கு மாமா?' என்று கேட்டு எழுதியிருக்கிறது. நல்ல கேள்வி. அந்தக் கார் கற்றுக்கொடுத்த பாடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பாடம் மெதுவாகத்தான் ஏறும். உங்களுக்குச் சீக்கிரம் ஏறிவிடும்.

கார் எதற்கு?

எங்கள் மூத்த மகள் கீர்த்தி ஷேர் ஆட்டோவில் பிறந்தவள். எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. பாலம் தாண்டிப் பழவேற்காடு வந்து, அங்கிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி எடுத்த பிறகு கிடைத்தது அந்த ஆட்டோ ஒன்றுதான். அதில் ஏற்கெனவே ஏழு பேர். பூ விற்கிற ஒரு அம்மாள் கூடையைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கினார். ஆண்கள் எல்லோரும் இறங்கி, வயலைப் பார்த்தபடி நின்றோம். நானும்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சுமதி சொன்னாள்: "இன்னொரு வாட்டி இப்டி நான் வர மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதனால் அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் பணம் சேர்க்க ஆரம்பித்து, ஆறாவது மாதம் அனுப்பம்பட்டில் ஸ்டேஷன் பக்கம் வீடு கட்டியிருந்த ஒரு ரயில்வே பெரியவரிடம் அவருடைய பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். பெட்ரோல் வண்டி. சீட்டுக்கு உறை போட்டு, சாமி படம் ஒட்டி, அருமையாக வைத்திருந்தார்.

பிரசவம் மழைக்காலத்தில் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெயில் காலமென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு எப்படியாவது போய்விடலாம். மழையில் கண்ணாடியை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றினால் நாற்றம். நாற்றம் அடித்தால் சுமதி ஏற மாட்டாள். ஏறாவிட்டால் மறுபடியும் ஷேர் ஆட்டோ.

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேகம் சேரச் சேர நாளை எண்ணினேன்.

படகின் டேங்கும் மூச்சும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் முதல் முதலில் மோட்டார் படகில் ஏறியபோது எனக்குப் பதினான்கு வயதிருக்கும். என் நைனா மோட்டார் புதிதாக வாங்கியிருந்தார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்.

படகு மோட்டாருக்கு எண்ணெய் டேங்க் தனி. காலடியில் கிடக்கும். ஒரு குழாய் அதிலிருந்து மோட்டாருக்குப் போகும். கரையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடிற்று. அப்புறம் இருமி இருமி நின்றுபோனது. நைனா கயிற்றை இழுத்தார். கிளம்பியது. மறுபடியும் நின்றது. நாலு தரம், ஐந்து தரம். கைத் தோல் உரிந்துவிட்டது. விற்றவனை நைனா திட்டிய திட்டுகளை இந்தப் பத்திரிகையில் போட முடியாது.

பக்கத்தில் வந்த படகுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, டேங்குக்குக் கழுத்த நெரிச்சிட்டு மோட்டார அடிக்கிறியே!" என்றார். டேங்க் மூடியின் தலையில் சின்னதாக ஒரு திருகு இருந்தது. அதைத் தளர்த்தினார். 'உஸ்' என்று டேங்க் காற்றை இழுத்தது. அப்புறம் கரை வரும் வரை மோட்டார் நிற்கவில்லை.

எண்ணெய் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் எண்ணெய் இறங்காது. எனக்கு அன்றைக்கு அது பெரிய ஆச்சரியம். டேங்குக்கும் மூச்சு உண்டு! வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இனி காருக்கு வாருங்கள். வாங்கிய இரண்டாவது வாரம், வெயிலில் நின்ற காரின் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். 'புஸ்ஸ்' என்று சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருகே இல்லை.

'படித்தவர் ஓட்டிய வண்டி, இது தெரியவில்லையே' என்று பாவப்பட்டேன். மூடியைத் தனியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, ஒரு நாள் முழுக்க வெளியில் உலர வைத்து, கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி நடுவில் ஒரு ஓட்டை போட்டேன். பென்சில் முனை அளவுதான். அதற்குப் பிறகு மூடியைத் திறந்தால் புஸ் சத்தம் இல்லை. டேங்க் நிம்மதியாக மூச்சு விடுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

(பிள்ளைகளே, பெட்ரோல் பட்ட எதன் பக்கத்திலும் சூடான ஊசியைக் கொண்டுபோகாதீர்கள். எனக்கு ஒன்றும் ஆகாதது என் சாமர்த்தியம் இல்லை.)

சந்தோஷம் முழுதாக இரண்டு நாள்கூட இருக்கவில்லை. காரில் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அனுப்பம்பட்டுப் பெரியவருக்குப் போன் போட்டேன்.

"சார், இந்த மாதிரி வண்டிய தலைல கட்டிட்டீங்களே, நியாயமா?"

அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்டம்மா நாலு வருஷமா அதுலதாம்பா கோயிலுக்கு வந்தாங்க. அவங்களுக்கு ஊதுபத்தி வாசனையே ஆகாது. ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார்.

நான் நம்பவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மூக்கு சொல்லச் சொல்ல

நடுவழியில் காரை விட்டு இறங்கிய அன்று, நடந்தே திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள் சுமதி. மறுநாள் காலை ஒரு நாற்காலியைக் காரிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ ஒரு நோட்டு எடுத்துக்கோ. நான் சொல்றத எழுது" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"நாத்தம் எப்பவும் ஒரே மாதிரி இல்ல. எப்ப ஜாஸ்தி, எப்ப கம்மின்னு பாப்போம்."

எங்களுக்கு ஏரியில் மூக்கும் ஒரு கண் மாதிரி. அடிச்சேறு கலங்கினால் ஒரு வாசனை, முகத்துவாரத்தில் புது உப்புத்தண்ணீர் ஏறினால் ஒரு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவோம். ஆனால் மாசமாக இருந்த சுமதியின் மூக்கு அதற்கும் மேலே. மீன் கையை நான் வேட்டியில் துடைத்ததை, மூன்று நாள் கழித்தும் மோந்தே கண்டுபிடிப்பாள்.

கீர்த்தியின் பழைய நோட்டில் ஒரு வாரம் எழுதினேன். விடியற்காலையில் லேசாக இருக்கிறது. வெயிலில் நின்றால் ஏறுகிறது. பெட்ரோல் போட்ட அன்று தாங்கவே முடியவில்லை. பாதி டேங்குக்குக் கீழே இறங்கினால் குறைகிறது. ஓடும்போது குறைகிறது, நிறுத்தினால் மறுபடியும் வருகிறது. முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில்தான். பெட்ரோல் போட்ட உடனே வண்டி கிளம்ப அடம்பிடிக்கிறது என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது என்பதையும்.

வெறும் நாற்றம் என்று இருந்தது, எழுத எழுத ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. எப்போது வருவான், எப்போது போவான், எது பிடிக்கும் என்றெல்லாம் தெரிந்தது. எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை.

நிஜாம்

நோட்டை எடுத்துக்கொண்டு நிஜாமிடம் போனேன். பழவேற்காட்டில் பள்ளிவாசல் தெருக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் துணி வியாபாரம். இவன் மட்டும் கிரீஸ் கை. எட்டாவது வரை நானும் அவனும் ஒரே பெஞ்சு. பிறகு சவூதியில் ஒரு பெரிய மெக்கானிக் ஷெட்டில் ஏழு வருஷம் வேலை செய்துவிட்டு வந்து இங்கே ஷெட் போட்டிருந்தான்.

நோட்டைப் படித்தவன் முகம் மாறியது.

"இத எழுதுனது யாருடா?"

"நான்தான். சொன்னது சுமதி."

"அதான பாத்தேன். உன் மண்டைக்கு இது வராதே. மாமே, பாதி ரிப்பேரு இதுலயே முடிஞ்சிச்சிடா."

இன்ஜினின் குறையைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான்.

"பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மின்னு அழுவுது உன் இன்ஜினு."

"அப்ப பெட்ரோல கம்மி பண்ணிடு."

"இன்ஜின் கேட்டு வாங்குற பெட்ரோல்னா கம்மி பண்ணலாம். இது கேக்காமலே எங்கேர்ந்தோ வருது. வா, காட்றேன்."

அப்போதுதான் எனக்கு ஒரு புது விஷயம் தெரிந்தது. பெட்ரோலைத் திறந்து வைத்தால் தானாகக் குறையும் அல்லவா? அது ஆவியாகிக் காற்றில் போகிறது. அந்த ஆவியை ஊர்க் காற்றில் விடக் கூடாது என்று காரில் ஒரு ஏற்பாடு உண்டு. டேங்கிலிருந்து ஒரு குழாய் ஒரு டப்பாவுக்குப் போகிறது. டப்பா நிறையக் கரி. கரி அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்ஜின் ஓடும்போது ஒரு சின்ன வால்வு திறந்து, பிடித்து வைத்ததை உறிஞ்சி எரித்துவிடுகிறது. டேங்குக்கு வேண்டிய காற்றும் அந்தக் கரி வழியாகவே உள்ளே வருகிறது.

அடுப்பில் போடுகிற கரி மாதிரிதான். ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத லட்சம் பொந்துகள் இருக்குமாம். ஆவி அதில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். இவ்வளவு அழகான ஒரு காரியம் என் காருக்கு அடியில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதன் மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்.

நிஜாம் டப்பாவைக் கழற்றி என் கையில் கொடுத்தான். நனைந்த வலை மாதிரிக் கனத்தது. ஆட்டினால் 'சளக்' என்றது.

"இது ஆவி புடிக்கிற டப்பாடா. இதுல பெட்ரோலே ரொம்பி நிக்குது. பங்க்ல எப்டி பெட்ரோல் போடுவ?"

"கழுத்து வரைக்கும்."

"பைப்பு 'டக்'குனு நிக்குமே?"

"நின்னா இன்னும் ஊத்தச் சொல்லுவேன். நடுவுல வண்டிய ரெண்டு ஆட்டு ஆட்டுவேன். உள்ள இருக்குற காத்து போயி இன்னும் கொஞ்சம் புடிக்கும்."

நிஜாம் தலையில் கை வைத்துக்கொண்டான். "இது காருடா! மோட்டார் போட்டு இல்ல! நடுக்கடல்ல எண்ண தீர்ந்துடும்னு இப்டி ஊத்துனியா? நீ இன்னா பொன்னேரிக்குப் போறியா, இலங்கைக்குப் போறியா?"

கடலுக்குப் போகிறவன் குறை டேங்கோடு போக மாட்டான். அது எங்கள் கைக்கே தெரியும், யோசிக்க வேண்டியதில்லை. அந்தக் கை காரிலும் அதையே செய்துவிட்டது. மேலே நிற்க வேண்டிய காற்றின் இடத்தையும் பெட்ரோல் பிடித்துக்கொண்டு, வழிந்து கரி டப்பாவுக்குள் போயிருக்கிறது.

சென்னைக்குப் போய் வேறு டப்பா வாங்கிவந்து மாட்டினான். மஞ்சள் விளக்கு அணைந்தது. வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. வீட்டுக்குக் கொண்டுவந்து, மத்தியான வெயிலில் நிறுத்தி, சுமதியைக் கூப்பிட்டேன்.

அவள் வாசலில் இருந்தபடியே முகத்தைத் தூக்கினாள்.

"இருக்குது."

"இன்னுமா? எவ்ளோ?"

"முன்ன குடம். இப்ப சொம்பு."

காற்று ஓயும் நேரம்

மறுநாள் நிஜாமே வந்தான். காரைச் சுற்றி முகர்ந்து பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றவன், சுமதியிடம் மெதுவாகச் சொன்னான்: "தங்கச்சி, மாசமா இருக்கறப்ப இல்லாத வாசனலாம் வரும். என் சம்சாரத்துக்கும் அப்டித்தான்..."

"அண்ணே, நான் மாசமா இருக்கறது வயித்துல. மூக்குல இல்ல."

நிஜாம் சட்டைக் கையை மடித்துவிட்டான். "சரி, புகை வுட்டுப் பாத்துரலாம்" என்றான்.

சவூதியிலிருந்து வரும்போது பெட்டிக்குள் துணிக்கு நடுவில் சுற்றி அவன் கொண்டுவந்த மெஷின் அது. உள்ளே எண்ணெயைச் சூடாக்கி வெள்ளைப் புகை உண்டாக்கும். அந்தப் புகையைக் குழாய்க்குள் மெல்லத் தள்ளினால், எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். பலூன் ஊதுகிற காற்றைவிடக் குறைவாகத்தான் தள்ள வேண்டும். பங்க்சர் கடைக் காற்றை விட்டால் டேங்கே பிளந்துவிடுமாம்.

ஒரு சங்கடம். ஷெட்டுக்குள் செய்யக் கூடாது, பெட்ரோல் விவகாரம். வெட்டவெளியில் செய்தால் எங்கள் ஊர்க் காற்று புகையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இங்கேதான் என் படிப்பு உதவியது. "காலைல நிலக்காத்து ஓஞ்சி, கடக்காத்து எழும்பறதுக்குள்ள கொஞ்ச நேரம் இல அசையாதுடா. அப்ப வை" என்றேன்.

அப்படியே மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரை மைதானத்தில் காரை நிறுத்தினோம். சுமதியும் வந்து, தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது என்று நாலு பக்கமும் சொல்லிவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றினான் நிஜாம். பெட்ரோல் மூடியைத் திறந்து காரின் கூரை மேல் வைத்தான். பெட்ரோல் ஊற்றுகிற வாயில் ஒரு ரப்பர் அடைப்பைப் பொருத்தி, அதன் வழியாகப் புகைக் குழாயைச் சொருகினான். புகை வெளியே போகிற இயல்பான வழியையும் அடைத்துவிட்டான். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஒரு கொக்கு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

புகை உள்ளே போனது. நான் மண்ணில் படுத்து டேங்குக்கு அடியில் பார்த்தேன். இல்லை. குழாய்களைத் தொடர்ந்து பார்த்தேன். இல்லை. நிஜாம் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தான். எங்கேயும் இல்லை. மெஷினில் இருந்த சின்னக் குண்டும் கீழே இறங்கி அசையாமல் நின்றது. ஓட்டையே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

"வண்டி கிளீன்டா" என்றான் நிஜாம்.

எனக்குப் பாரம் இறங்கியது. சுமதி முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இறங்கவில்லை.

குக்கர்

"அண்ணே, அந்த மூடி ஏன் மேல இருக்குது?" என்று கேட்டாள்.

"எந்த மூடி?"

"பெட்ரோல் மூடி. கூரை மேல வெச்சிருக்கியே."

"புகை வுடறதுக்கு வாய் வேணுமே தங்கச்சி. மூடி இருந்தா குழாய எங்க சொருவுறது?"

"மூடிய கழட்டி வெச்சிட்டு, குக்கருல எங்கருந்து ஆவி போவுதுன்னு பாப்பாங்களா யாராவது?"

நிஜாம் கூரையைப் பார்த்தான்.

காருக்கு அடியில் இருந்த ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்தோம். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அது எங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்து நாங்கள் மண்ணில் புரள்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்து வந்துடப் போவுது, சீக்கிரம்" என்றேன். கிழக்கே தண்ணீரின் மேல் லேசாகச் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது.

மூடியைப் போட்டு இறுக்கினான். இன்ஜின் பக்கம் ஓடி, கரி டப்பாவிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி, இந்தத் தடவை அந்த வழியாகப் புகையைத் தள்ளினான். மூவரும் பெட்ரோல் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மூடியின் நடுவிலிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளை இழை எழும்பியது. நேராக மேலே போய், ஒரு சாண் உயரத்தில் வளைந்தது. அதற்குள் கடற்காற்று வந்து அதைக் கலைத்துவிட்டது. போதும். மூவரும் பார்த்துவிட்டோம்.

நிஜாம் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

"எவன்டா இதுல ஓட்ட போட்டது? அந்த அனுப்பம்பட்டுக் கெழவரா?"

பிள்ளைகளே, மறைக்காமல் சொல்கிறேன். 'ஆமாம்' என்கிற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் எங்கேயோ அனுப்பம்பட்டில் இருக்கிறார். அவருக்குத் தெரியப்போவதில்லை. சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஓட்டை விஷயம் தெரியாது.

"நான்தான்" என்றேன்.

"இன்னாது?"

"டேங்குக்கு மூச்சு முட்டுச்சிடா. புஸ்ஸுனு சத்தம் வந்துச்சி. போட்டுக்கு மூடில திருகு இருக்கும்ல, அத மாதிரி..."

நிஜாம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "கரி டப்பா வழியா அது அழகா மூச்சு வுட்டுக்கினு இருந்துச்சிடா பாவி! மூக்கு நல்லா இருக்கறவனுக்கு உச்சந்தலைல ஒரு ஓட்ட போட்டிருக்கியேடா!"

சுமதி சிரிக்கவில்லை. "ரெண்டு மாசமா என்ன நடக்க வெச்சது நீதானா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதியவன், நான் போட்ட ஓட்டையை ஒரு வரிகூட அதில் எழுதவில்லை. ஒளித்தேன் என்று நினைக்காதீர்கள். அது பழுது என்று தோன்றவே இல்லை. அதை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் மற்றதெல்லாம் எனக்குச் சந்தேகம், நான் செய்தது மட்டும் சந்தேகமில்லை.

அன்றைக்கே பெரியவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சிக்குங்க சார்" என்றேன். "அந்த புஸ் சத்தம் எனக்கும் முதல்ல பயமாத்தாம்பா இருந்தது. நான் வண்டியோட வந்த புஸ்தகத்தப் பாத்தேன், அது சகஜம்னு போட்டிருந்தது. முன் சீட்டுக்கு எதிர டப்பால அந்த புஸ்தகம் இருக்குது பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். கார் வாங்கிய நாளிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, பிளாஸ்டிக் உறைகூடக் கசங்காமல்.

மழை நாள்

சின்னவன் பொன்னேரி ஆஸ்பத்திரியில், கட்டிலில், நல்லபடியாகப் பிறந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் பயந்துகொண்டே படிப்பீர்கள்.

புது மூடி போட்ட மறுநாளே அடைமழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை சுமதிக்கு வலி கண்டது. விட்டு விட்டு வந்தது. கீர்த்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சுமதியைக் குடை பிடித்துக் கூட்டிவந்தேன். அவள் காரின் கதவைத் திறந்து, உட்காராமல், தலையை மட்டும் உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள். மழை என் முதுகில் கொட்டிற்று. ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாள்.

வாசனை வருகிறதா என்று கேட்கப் பயம்.

பாலம் தாண்டினோம். நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை வலி வரும்போதும் அவள் சீட்டை இறுக்கிப் பிடிப்பாள், நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பேன். முன்னால் தொங்கும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பேன். மூக்கைப் பொத்துகிறாளா என்று பார்ப்பேன்.

பாதி வழியில், "வண்டிய நிறுத்து" என்றாள்.

ஓரங்கட்டி நிறுத்தினேன். "இன்னா சுமதி? வாசன வருதா?"

"வருது."

"பெட்ரோலா?"

"வடை" என்றாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு அம்மாள் மசால்வடை போட்டுக்கொண்டிருந்தார். "உள்ள போய்ட்டா டாக்டரம்மா ஒண்ணும் துன்ன வுட மாட்டாங்க. வலிக்கு இன்னும் நேரம் இருக்குது. எனக்குத் தெரியும். போய் வாங்கியா."

நனைந்துகொண்டே ஓடி, நனைந்துகொண்டே திரும்பி வந்தேன். பேப்பரில் சுற்றிய நாலு வடை, கை சுட்டது. இரண்டு மாதமாகக் காரைப் பார்த்தாலே குமட்டியவள், அதே காரில் சாய்ந்து உட்கார்ந்து வடையை ஊதி ஊதித் தின்றாள். வண்டி முழுக்கச் சோம்பும் வெங்காயமும் மணத்தது. கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணாடிய கொஞ்சம் எறக்கட்டுமா?" என்று பழக்கத்தில் கையைக் கொண்டுபோனேன்.

"எறக்காத" என்றாள் சுமதி, வாயில் வடையோடு. "சாரல் அடிக்கும். வடை நனைஞ்சிடும்."